சொல்லெல்லாம் சரி, வரிசைதான் இடறுகிறது: ஆங்கிலப் பெயர்த்தொடர் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

ஆலப்புழைச் சுற்றுலாவுக்கான ஓர் ஆங்கிலத் துண்டறிக்கை சில வருடங்களுக்கு முன் திருத்துவதற்காக என்னிடம் வந்தது. எழுத்துப்பிழை, காற்புள்ளி எல்லாம் பார்த்து அனுப்பிவிட்டேன். அச்சான பிறகு ஒரு வாடிக்கையாளர் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து, “ராத்திரி தங்கறது படகு நிறுத்துற கொட்டகையிலயா?” என்று கேட்டிருக்கிறார். இரண்டாம் நாள் இரவு தங்குமிடம் என்ற இடத்தில் ‘போட் ஹவுஸ்’ என்று இருந்தது. இருக்க வேண்டியது ‘ஹவுஸ் போட்’. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். ஸ்பெல் செக் சிவப்புக் கோடு போடவில்லை, நானும் போடவில்லை.

இந்த வகைப் பிழையின் குணமே அதுதான். இலக்கணம் சரி, எழுத்து சரி, சொன்ன பொருள் மட்டும் வேறு. பிழைக்கு என்ன பெயர் என்று தேடிப் போனால் கிடைக்காது. எங்கே உறுத்துகிறது என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வாக்கியத்துக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதி எல்லாருக்கும் பொது, அதைத் தாண்டாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: தலை எது?

பெயர்த்தொடர் என்பது ஒரு பெயர்ச்சொல்லும் அதை ஒட்டிக்கொண்டு அதை விவரிக்கும் சொற்களான அடைகளும் சேர்ந்த கொத்து. கொத்தில் எத்தனை சொல் இருந்தாலும் தலை ஒன்றுதான். “இது என்ன?” என்று கேளுங்கள். ஒரே சொல்லில் வரும் பதில்தான் தலை. ‘போட் ஹவுஸ்’ என்ன? ஹவுஸ், ஒரு கட்டடம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்கிற இடம் அது. ‘ஹவுஸ் போட்’ என்ன? போட், மிதக்கிற படகு. ஒரு காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய கெட்டுவள்ளத்துக்குள் கட்டில் போட்டால் அது ஹவுஸ் போட்.

ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொற்கள் அடுத்தடுத்து நின்றால் கடைசியில் நிற்பதுதான் தலை. இதில் நமக்கு ஒரு நல்ல காலம்: தமிழும் அப்படியே. ‘கேன் ஷுகர்’ என்பது கரும்புச் சர்க்கரை. ‘ஷுகர் கேன்’ கரும்பு. ‘பாம் ஆயில்’ ரேஷன் கடையில் பாக்கெட்டில் வருவது. ‘ஆயில் பாம்’ தோட்டத்தில் நிற்கிற எண்ணெய்ப் பனை. ‘ஹவுஸ் கெஸ்ட்’ வீட்டுக்கு வந்த விருந்தாளி. ‘கெஸ்ட் ஹவுஸ்’ விருந்தாளியை அனுப்பிவைக்கும் இடம். தமிழில் சொல்லிப் பார்த்து, அதே வரிசையில் ஆங்கிலச் சொற்களைப் போட்டாலே முக்கால்வாசி சரியாக வந்துவிடும். பிரெஞ்சோ ஸ்பானிஷோ பேசுகிறவருக்கு இந்த வசதி கிடையாது, அவர் தலைகீழாக யோசிக்க வேண்டும்.

அப்படியானால் நாம் ஏன் தடுக்கி விழுகிறோம்? இரண்டு இடங்களில் தமிழ் கைகொடுப்பதில்லை. ஒன்று, ஆங்கிலம் சில அடைகளைத் தலைக்குப் பின்னால் வைக்கிறது. தமிழ் எதையும் அப்படி வைக்காது. இரண்டு, எந்தச் சொல் எதோடு சேர்ந்தது என்று காட்டத் தமிழில் ஒற்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லை. இனி வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

அறிகுறி: கடைசிச் சொல்லைப் பிடித்தும் பொருள் வரவில்லை

‘பிக்பாக்கெட்’ ஒரு பாக்கெட் அல்ல, ஆள். ‘ரெட்ஹெட்’ தலை அல்ல, செம்பட்டை முடிக்காரர். ‘பேப்பர்பேக்’ முதுகு அல்ல, புத்தகம். பள்ளியில் “பொற்றொடி வந்தாள்” என்று படித்தோமே, அதே அன்மொழித்தொகைதான். தலை தொடருக்கு வெளியே நிற்கிறது. இவற்றைப் பிரித்து மேய வேண்டாம், மொத்தமாக ஒரு சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சரக்கு கேட்டால் பாத்திரம் வருகிறது

‘த்ரீ டீ கப்ஸ்’ என்று ஆர்டர் எழுதினால் மூன்று காலிக் கோப்பைகள் வரும். தேநீர் வேண்டுமென்றால் ‘த்ரீ கப்ஸ் ஆஃப் டீ’. ‘வைன் கிளாஸ்’, ‘மேட்ச்பாக்ஸ்’, ‘வாட்டர் பாட்டில்’ எல்லாம் இதே கதை. பெயர் மட்டும் முன்னால் நின்றால் அது எதற்கான பாத்திரம் என்று சொல்கிறது. உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. தமிழில் ‘தீப்பெட்டி’ என்றால் பெட்டியும் குச்சியும் சேர்த்துத்தான், குச்சி தீர்ந்த பிறகும் அது தீப்பெட்டியே. அதனால் சிவகாசிக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் ‘மேட்ச்பாக்ஸஸ்’ என்று விலைப்பட்டியல் எழுதும்போது அவர் மனதில் நிறைந்த பெட்டி இருக்கும், படிக்கிற வெளிநாட்டுக்காரர் காலிப் பெட்டியோ என்று ஒரு நொடி தயங்குவார். ‘பாக்ஸஸ் ஆஃப் மேட்சஸ்’ என்று போட்டால் தயக்கத்துக்கு இடமில்லை.

அறிகுறி: முதல் அடை எதைத் தொடுகிறது என்று தெரியவில்லை

அதிகம் வரும் கோளாறு இதுதான்.

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: அங்கே ‘ஓல்டு புக் ஷாப்ஸ்’ நிறைய இருந்தனவாம். பழைய புத்தகங்களை விற்கும் கடைகளா, பல காலமாக இருக்கும் புத்தகக் கடைகளா? மூர் மார்க்கெட்டைத் தெரிந்தவருக்குச் சந்தேகமே வராது. தெரியாதவருக்கு இரண்டும் சமம். தமிழிலும் ‘பழைய புத்தகக் கடை’ என்றால் இதே இரட்டைப் பொருள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நமக்குப் பழகிய தொடர் என்பதால் உறுத்துவதில்லை, அப்படியே மொழிபெயர்த்துவிடுகிறோம்.

சரிசெய்ய ஆங்கிலத்தில் இருக்கிற கருவி ஹைஃபன் என்கிற சிறு கோடு. நம் ஒற்று செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது. ‘கீரைக் கடை’ என்றால் கீரை விற்கும் இடம். ‘கீரை கடை’ என்றால் மத்தை எடு என்று கட்டளை. ஓர் எழுத்து இரண்டு சொற்களையும் கட்டிப்போடுகிறது. அதுபோல ‘ஓல்டு-புக் ஷாப்’ என்று கோடு போட்டால் பழமை புத்தகத்துக்கு, ‘ஓல்டு புக்ஷாப்’ என்று சேர்த்து எழுதினால் பழமை கடைக்கு.

‘மேன் ஈட்டிங் ஷார்க்’ என்று கோடில்லாமல் எழுதினால், யாரோ ஒருவர் மெஸ்ஸில் உட்கார்ந்து சுறாப்புட்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ‘மேன்-ஈட்டிங் ஷார்க்’ என்றால் கரைக்கு ஓடுங்கள்.

சிரிப்புக்கு இடமில்லாத இடமும் உண்டு. ஓர் ஒப்பந்தத்தில் ‘ட்வென்டி ஃபோர் ஹவர் ஷிஃப்ட்ஸ்’ என்று இருந்தால் எத்தனை மணி நேர வேலை? கோட்டைத் தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள். ‘ட்வென்டி ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்’ என்றால் 4 மணி நேர ஷிஃப்ட் 20, மொத்தம் 80 மணி நேரம். ‘ட்வென்டி-ஃபோர் ஹவர் ஷிஃப்ட்ஸ்’ என்றால் ஒரு மணி நேர ஷிஃப்ட் 24, மொத்தம் 24 மணி நேரம். ‘ட்வென்டி-ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்’ என்றால் ஒரே ஷிஃப்ட் 24 மணி நேரம், அப்படி எத்தனை என்று தெரியாது. சம்பளம் கணக்குப் பார்க்கிறவருக்கு இந்தக் கோடு காசு. இந்த மாதிரி இடத்தில் நான் கோட்டை மட்டும் நம்புவதில்லை. எண்ணிக்கையை இலக்கத்திலும் நேரத்தை எழுத்திலும் போடச் சொல்வேன்: ‘20 ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்’.

கோடு போடுவதற்கு இரண்டு வரம்புகள். தலைக்கு முன்னால் நிற்கும்போதுதான் கோடு: ‘வெல்-நோன் ரைட்டர்’. அதே சொற்கள் வாக்கியத்தின் பின்பகுதிக்குப் போனால் கோடு உதிர்ந்துவிடும்: ‘த ரைட்டர் ஈஸ் வெல் நோன்’. அப்புறம், ‘லி’ என்று முடிகிற வினையடைக்குக் கோடு தேவையில்லை. ‘நியூலி மேரீட் கப்புள்’ என்பதில் ‘நியூலி’ போய்க் ‘கப்புள்’ மேல் ஒட்ட வழியே இல்லை, பிறகு எதற்குக் கோடு?

கோடு போட்டும் தெளியவில்லை என்றால் தொடரை உடைத்துவிடுங்கள். ‘ஸ்மால் பிசினஸ் ஓனர்’ என்றால் ஆள் சின்னவரா, தொழில் சின்னதா? ‘ஓனர் ஆஃப் எ ஸ்மால் பிசினஸ்’. ‘இங்லிஷ் டீச்சர்’ என்றால் ஆங்கிலம் சொல்லித்தருபவரா, இங்கிலாந்துக்காரரா? பேச்சில் அழுத்தம் காட்டிக்கொடுத்துவிடும். முதல் சொல்லை அழுத்தினால் பாடம், இரண்டாவதை அழுத்தினால் ஊர். ‘க்ரீன்ஹவுஸ்’ பசுமைக்குடில், ‘க்ரீன் ஹவுஸ்’ பச்சை பெயின்ட் அடித்த வீடு என்பதும் இந்த அழுத்தக் கணக்குதான். காகிதத்தில் அழுத்தம் கேட்காது. அதனால் ‘டீச்சர் ஆஃப் இங்லிஷ்’ என்று எழுதிவிடுங்கள், கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

அறிகுறி: அதிகாரி ஏன் கவலைப்படுகிறார்?

‘ப்ளீஸ் கான்டாக்ட் த கன்சர்ன்டு ஆஃபீசர்.’ நம் அலுவலகங்களில் இந்த வரி இல்லாத சுற்றறிக்கையைப் பார்ப்பது கடினம். சொல்ல வந்தது ‘சம்பந்தப்பட்ட அதிகாரியை அணுகவும்’. தமிழில் ‘சம்பந்தப்பட்ட’ முன்னால் வருகிறது, நாமும் முன்னால் வைத்தோம். ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ஒருவர் படித்தால் அது ‘கவலையோடு இருக்கும் அதிகாரி’. சம்பந்தப்பட்டவர் என்ற பொருளுக்கு அங்கே அடை பின்னால் போக வேண்டும்: ‘த ஆஃபீசர் கன்சர்ன்டு’.

என் அபிப்பிராயம்: கடிதம் இந்தியாவுக்குள்ளேயே சுற்றப்போகிறது என்றால் விட்டுவிடலாம், எல்லாருக்கும் புரியும், இங்கே அது நிலைத்த வழக்கு. வெளியே போகிறது என்றால் மாற்றுங்கள்.

இப்படி இடம் மாறினால் பொருள் மாறும் அடைகள் ஒரு கைப்பிடிதான். கூட்டக் குறிப்பில் ‘த மெம்பர்ஸ் பிரசென்ட்’ என்றால் அன்றைக்கு வந்திருந்தவர்கள். ‘த பிரசென்ட் மெம்பர்ஸ்’ என்றால் இப்போதைய உறுப்பினர்கள், அவர்கள் அன்று வீட்டில் தூங்கிக்கொண்டும் இருந்திருக்கலாம். தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்ற கேள்வி எழும்போது இது சின்ன விஷயமில்லை. கல்யாண விளம்பரத்தில் தேடுவது ‘ரெஸ்பான்சிபிள் பர்சன்’, போலீஸ் தேடுவது ‘த பர்சன் ரெஸ்பான்சிபிள்’. ‘இன்வால்வ்டு’ முன்னால் வந்தால் சிக்கலானது, பின்னால் வந்தால் அதில் தொடர்புடையவர். “ப்ராப்பர் எந்த ஊரு?” என்று நாம் கேட்பதில் இருக்கிற ‘ப்ராப்பர்’கூட அப்படித்தான். ‘மதுரை ப்ராப்பர்’ என்றால் புறநகர் நீக்கிய மதுரை நகரம். ‘ப்ராப்பர் மதுரை’ என்பது நம் பேச்சுத் தமிழ், ஆங்கிலக் காதில் அது ஏதோ ‘ஒழுங்கான மதுரை’ என்று விழும்.

சரிபார்க்கும் முறை எளிது. தலைக்கும் அடைக்கும் நடுவே ‘ஹூ ஈஸ்’ அல்லது ‘ஹூ ஆர்’ போட்டுப் பாருங்கள். ‘மெம்பர்ஸ் ஹூ ஆர் பிரசென்ட்’. நீங்கள் நினைத்த பொருள் இதுதான் என்றால் அடை பின்னால்தான் இருக்க வேண்டும். அந்த நேரத்து நிலையைச் சொல்வது பெரும்பாலும் பின்னால், நிலையான குணத்தைச் சொல்வது முன்னால். ‘த விசிபிள் ஸ்டார்ஸ்’ என்றால் கண்ணுக்குத் தெரியக்கூடிய வகை நட்சத்திரங்கள். ‘த ஸ்டார்ஸ் விசிபிள்’ என்றால் இன்று ராத்திரி, மேகம் போக மிஞ்சியவை.

அறிகுறி: பதவிப் பெயர் தலைகீழாக இருக்கிறது, பன்மை எங்கே போடுவது?

‘நோட்டரி பப்ளிக்’ என்று வக்கீல் வீட்டுப் போர்டில் பார்த்திருப்பீர்கள். ‘அட்டர்னி ஜெனரல்’, ‘கோர்ட் மார்ஷல்’ இவையும் அந்தச் சாதி. தலை முன்னால், அடை பின்னால். காரணம் வரலாறு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன, பிரெஞ்சில் அடை பெரும்பாலும் பின்னால்தான் வரும். வழக்காடுவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று 1362இல் சட்டமே வந்தும், வக்கீல்களின் பிரெஞ்சு அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. (வக்கீல் மொழி எந்த ஊரிலும் சீக்கிரம் சாகாது.)

பன்மை தலைக்குத்தான்: ‘அட்டர்னீஸ் ஜெனரல்’, ‘நோட்டரீஸ் பப்ளிக்’, ‘கோர்ட்ஸ் மார்ஷல்’. ராஜாஜி 1948இல் இந்தியாவின் ‘கவர்னர் ஜெனரல்’ ஆனார். அவரையும் அவருக்கு முன்னிருந்த மவுன்ட்பேட்டனையும் சேர்த்துச் சொன்னால் ‘கவர்னர்ஸ் ஜெனரல்’. ஆனால் ‘மேஜர் ஜெனரல்’ வந்தால் நிதானியுங்கள். அங்கே ஜெனரல்தான் தலை, ஆள் ஒரு ஜெனரல். அதனால் ‘மேஜர் ஜெனரல்ஸ்’. இந்தப் பதவி ஆதியில் ‘சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்’. முன்னால் இருந்த சார்ஜன்ட் உதிர்ந்துவிட்டது. மேஜர் லெஃப்டினன்ட்டைவிடப் பெரியவராக இருந்தும் மேஜர் ஜெனரல் லெஃப்டினன்ட் ஜெனரலைவிடச் சின்னவராக இருப்பது இதனால்தான்.

வரிசையைக் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1949இல் தி.மு.க. தொடங்கியபோது அண்ணா ஏற்றது ‘ஜெனரல் செக்ரட்டரி’ பொறுப்பு. 1997 முதல் 2006 வரை ஐ.நா.வில் கோஃபி அன்னான் வகித்தது ‘செக்ரட்டரி ஜெனரல்’ பதவி. தமிழில் இருவருமே பொதுச் செயலாளர். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எது எந்த அமைப்பு என்று பார்க்காமல் விட்டால், கட்சிக்காரர் ஐ.நா.வுக்குப் போய்விடுவார்.

அறிகுறி: பணக்காரர் இன்னும் பணக்காரர்தானா?

சில அடைகளுக்குக் கை நீளம். தனக்கு வலப்பக்கம் இருக்கிற எல்லாவற்றையும் வளைத்துக்கொள்ளும். ‘ஃபார்மர்’ (விவசாயி அல்ல, ‘முன்னாள்’), ‘ஃபேக்’ (போலி), ‘சோ-கால்டு’ போன்றவை அந்த ரகம். ‘எ வெல்தி ஃபார்மர் மினிஸ்டர்’ என்றால் அமைச்சர் பதவி போய்விட்டது, பணம் இருக்கிறது. ‘எ ஃபார்மர் வெல்தி மினிஸ்டர்’ என்றால் ‘ஃபார்மர்’ பணத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. எது போயிற்று, எது மிச்சம் என்று படிப்பவர் குழம்புவார். ‘அன் ஓல்டு ஃபேக் காயின்’ என்பது அந்தக் காலத்திலேயே அடித்த கள்ள நாணயம், சேகரிப்பாளர்கள் அதற்கும் விலை கொடுப்பார்கள். ‘எ ஃபேக் ஓல்டு காயின்’ என்பது போன வாரம் அடித்து, புளியில் ஊறவைத்துப் பழசாக்கியது.

தமிழ் இங்கே அப்படியே துணைக்கு வரும். ‘பழைய போலி நாணயம்’, ‘போலிப் பழைய நாணயம்’ என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எது உங்கள் கையில் இருக்கிறதோ, அந்த வரிசையில் ஆங்கிலத்தைப் போடுங்கள்.

அறிகுறி: தப்பு எதுவும் இல்லை, ஆனால் கேட்க நன்றாக இல்லை

‘எ சில்க் ரெட் ஓல்டு பியூட்டிஃபுல் சாரி.’ பொருள் புரிகிறது, காது ஏற்கவில்லை. ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் இதற்கு நீளமாக ஓர் அட்டவணை இருக்கும்: அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், செய்பொருள், பயன். மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘அழகான பழைய சிவப்புக் காஞ்சிபுரம் பட்டுப்புடவை’ என்று யாரும் சொல்லித்தராமலே நீங்கள் சொல்வீர்கள் அல்லவா? அதே வரிசைதான் அங்கேயும்.

அறிகுறி: எண்ணிக்கை இடிக்கிறது

‘த ஃபர்ஸ்ட் டூ ப்ரைசஸ்’ என்றால் முதல் பரிசும் இரண்டாம் பரிசும். ‘டூ ஃபர்ஸ்ட் ப்ரைசஸ்’ என்றால் முதல் பரிசே இரண்டு பேருக்கு. இதில் தமிழ்க்காதை நம்பலாம்.

நம்ப முடியாதது ‘இன்னும் மூன்று நாள்’. அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்து ‘மோர் த்ரீ டேஸ்’ என்று லீவ் லெட்டரில் எழுதுகிறோம். ‘மோர்’ எண்ணுக்குப் பின்னால் போக வேண்டும்: ‘த்ரீ மோர் டேஸ்’. முன்னால் ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால் ‘அனதர் த்ரீ டேஸ்’.

‘த அதர் டூ ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் மீதி இரண்டு பேர், அத்தோடு கணக்கு முடிந்தது. ‘டூ அதர் ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் வேறு இரண்டு பேர், இன்னும் இருக்கலாம். விசாரணை அறிக்கையில் முதலாவதை எழுதினால் வகுப்பில் சந்தேகத்துக்குரியவர்கள் தீர்ந்துவிட்டார்கள் என்று பொருள்.

இதெல்லாவற்றையும்விட நுணுக்கமானது ‘ஒன்லி’. ‘அன் ஒன்லி சைல்டு’ உடன்பிறப்பு இல்லாத ஒற்றைப் பிள்ளை. ‘ஒன்லி எ சைல்டு’ வெறும் குழந்தைதானே, விடுங்கள். இடம் மாறியது ஒரு குட்டி ‘எ’ மட்டும். தமிழில் அந்த ‘எ’யே இல்லாததால் நம் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ‘ஹாஃப்’, ‘சச்’, ‘கொய்ட்’ இவையும் ‘எ’யைத் தாண்டி முன்னால் குதிக்கும் பழக்கமுள்ளவை: ‘ஹாஃப் அன் அவர்’, ‘சச் எ டே’.

அறிகுறி: உடைமைப் புள்ளிக்கு (அபாஸ்ட்ரஃபி) பிறகு யாருக்கோ வயதாகிவிட்டது

சென்னையின் ராணி மேரி கல்லூரி 1914இல் தொடங்கியது. அதை ‘அன் ஓல்டு விமன்ஸ் காலேஜ்’ என்று அறிமுகப்படுத்தினால் வயதான பெண்கள் படிக்கும் கல்லூரி என்று குறும்புக்காரர் படிப்பார். ‘விமன்’ பன்மை, ‘அன்’ ஒருமை என்பதால் இலக்கணம் கல்லூரியின் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் ‘அன்’னை எடுத்துவிட்டுத் ‘த’ போட்டால் அந்தப் பிடியும் போயிற்று. வயதைப் பின்னால் தள்ளுங்கள்: ‘எ விமன்ஸ் காலேஜ் ஃபவுண்டட் இன் 1914’.

பின்னால் தள்ளுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. பின்னால் போகிற அடை, பக்கத்தில் நிற்கிற பெயரைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். ‘த பேக் ஆஃப் த பாய் வித் எ ப்ரோக்கன் ஸிப்’ என்றால் ஜிப் போனது பைக்கா, பையனுக்கா? ‘த பாய்ஸ் பேக், விச் ஹேஸ் எ ப்ரோக்கன் ஸிப்’ என்று எழுதுங்கள், பையனின் மானம் பிழைக்கும்.

அறிகுறி: பெயர்ச்சொற்கள் ரயில் பெட்டி மாதிரி நிற்கின்றன, வினைச்சொல்லைக் காணவில்லை

குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர் ‘ப்ரொஹிபிஷன் ஆஃப் சைல்டு மேரேஜ் ஆக்ட்’. அதே சட்டம் உண்டாக்கிய பதவியின் பெயர் ‘சைல்டு மேரேஜ் ப்ரொஹிபிஷன் ஆஃபீசர்’. சட்டத்தின் பெயரில் ‘ஆஃப்’ இருக்கிறது, அதனால் தடைச்சொல் முன்னால் வந்தது. பதவியில் ‘ஆஃப்’ இல்லை, எல்லாம் வரிசையாக நின்று கடைசியில் ஆஃபீசர். இப்படி நாலு பெட்டி சேர்ந்துவிட்டால் எஞ்சினைக் கடைசியில் தேடி, வலமிருந்து இடமாகப் பிரியுங்கள். என்ன ஆஃபீசர்? ப்ரொஹிபிஷன். எதன் ப்ரொஹிபிஷன்? மேரேஜ். என்ன மேரேஜ்? சைல்டு. இதற்கு மேல் ‘ட்ரெய்னிங் ப்ரோக்ராம் ரிவ்யூ மீட்டிங்’ என்று சேர்க்கத் தோன்றினால் அங்கே ஒரு ‘ஃபார்’ போட்டுச் சங்கிலியை வெட்டிவிடுங்கள். நாலு பெட்டி என்பது இலக்கண விதியில்லை, என் கணக்கு.

தலைப்புச் செய்திகளில் இது உச்சத்துக்குப் போகும். 2009இல் ஓர் ஆங்கிலச் செய்தித் தலைப்பு: ‘வயலினிஸ்ட் லிங்க்டு டு ஜே.ஏ.எல். கிராஷ் ப்ளாசம்ஸ்’. 1985இல் ஜப்பானில் 520 பேர் இறந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் (ஜே.ஏ.எல்.) விமான விபத்தில் தந்தையை இழந்த ஒரு வயலின் கலைஞர் இப்போது மலர்ச்சி பெற்று வருகிறார் என்பது செய்தி. ‘ப்ளாசம்ஸ்’ அங்கே வினைச்சொல். படித்தவர்கள் அதைப் பெயர்த்தொடரோடு சேர்த்து, ‘கிராஷ் ப்ளாசம்ஸ்’ என்பது என்ன பூ என்று திகைத்தார்கள். அன்றிலிருந்து இப்படித் தடம் மாறிப் படிக்கவைக்கும் தலைப்புகளுக்கே ஆங்கிலத்தில் ‘கிராஷ் ப்ளாசம்’ என்று பெயர் வந்துவிட்டது. தமிழில் வினைமுற்று விகுதியோடு வருவதால் ‘மலர்கிறார்’ என்று அது தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஓர் ‘எஸ்’ பன்மையும் ஆகும், வினையும் ஆகும். எனவே தலைப்பு எழுதும்போது பெயர்க்கொத்துக்கு அடுத்து வருகிற வினை, பெயராகவும் நடமாடக்கூடிய சொல்லா என்று பாருங்கள். ஆம் என்றால் வேறு வினை.

அறிகுறி: தலை முன்னால் இருக்கிறது, ஆனால் யாரும் திருத்தவில்லை

இடப்பெயராக இருக்கும், தொடாதீர்கள். ‘மவுன்ட் எவரெஸ்ட்’ என்கிறார்கள், ‘செயின்ட் தாமஸ் மவுன்ட்’ என்றும் சொல்கிறார்கள். லண்டனில் ‘ரிவர் தேம்ஸ்’, நியூயார்க்கில் ‘ஹட்சன் ரிவர்’. ‘லேக் விக்டோரியா’ என்பார்கள், ‘ஊட்டி லேக்’ என்பார்கள். இதற்கு விதி கேட்டால் ஊர் வழக்கம் என்றுதான் பதில் வரும். ‘மவுன்ட் ரோடு’ மட்டும் நம் பழைய விதிப்படி நடக்கிறது: தலை ரோடு, மவுன்ட் அது போய்ச் சேரும் பரங்கிமலை. பலகையில் அண்ணா சாலை என்று மாறிவிட்டது. பஸ்ஸில் ஏறிக் கேட்டால் இன்னும் மவுன்ட் ரோடுக்கும் டிக்கெட் கொடுப்பார்கள்.